முதல் மாட் போடும் முன்

ஸ்கைரிமுக்கு மாட் போடப் போகிறேன், நல்ல மாட்களாக ஒரு பட்டியல் கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். பட்டியலுக்கா பஞ்சம்? 2011 நவம்பர் 11 அன்று வந்த கேம் இது. அன்றிலிருந்து அதற்கு வந்து குவிந்த மாட்களை எல்லாம் போட்டுப் பார்க்க ஒருவனுக்கு ஆயுசு போதாது. அடுத்தவர் பட்டியலைப் பார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தால் கடைசிவரை பட்டியல் கேட்டுக்கொண்டேதான் இருப்பாய். எனவே எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்கிறேன். நான் சொல்வது கணினியில் விளையாடுகிறவர்களுக்கானது. பெயர்களும் நடுநடுவே வரும், குறித்துக்கொள்.

1. முதலில் எதுவுமே போடாமல் விளையாடு. முழுக்க முடிக்கச் சொல்லவில்லை. ஹெல்கனில் தலை தப்பி, ரிவர்வுட் வந்து சேர்ந்து, ப்ளீக் ஃபால்ஸ் பாரோவுக்குள் அந்தப் பெரிய சிலந்தியைக் கொன்று, வொயிட்ரனுக்கு மேற்கே உள்ள காவல் கோபுரத்தடியில் முதல் டிராகனைச் சாய்க்கும் வரையாவது போ. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். எது உன்னை உறுத்துகிறதோ அதை எழுதிவை. மெனுவில் ஒரு பொருளைத் தேடி எடுக்க நேரமாகிறதா, எழுது. துணைக்கு வரும் லிடியா வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாளா, அதையும் எழுது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாட் செய்கிறவர்களில் பலர் இந்தக் கேமைத் திரும்பத் திரும்ப விளையாடிச் சலித்தவர்கள். தங்கள் சலிப்பு தீர அவர்கள் செய்துகொண்டவைதான் பாதிக்குப் பாதி மாட்கள். ஆல்டர்நேட் ஸ்டார்ட் என்று ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் வரும் வண்டிப் பயணத்தைத் தூக்கிவிட்டு, விடுதியில் தங்கியவனாகவோ கப்பல் உடைந்து கரையொதுங்கியவனாகவோ உன்னைத் தொடங்க விடும். அந்த வண்டியில் எத்தனையோ முறை போய் வந்தவனுக்கு அது வரம். ஒரு முறைகூடப் போகாதவனுக்கு அது எதற்கு? என் அக்கா மகன் முதல் நாளே அதைத்தான் போட்டான். அந்தக் கறுப்பு டிராகன் யார், அவனுக்கும் நமக்கும் என்ன பகை என்று பாதிக் கேம் வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் இது யாருடைய குறைக்கு வந்தது, அந்தக் குறை எனக்கும் இருக்கிறதா என்று கேள். உன் நோட்டில் இல்லாத குறைக்கு மாட் தேடாதே.

2. உன்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொள். 2011இல் வந்தது 32 பிட். 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட். 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷன் வந்தபோது கேமின் இயங்கு கோப்பே மாறிப்போனது. எஸ்கேஎஸ்இ எனப்படும் ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டரும், அதை நம்பி நிற்கும் பல மாட்களும் உன் கேமின் பதிப்பு எண்ணோடு சரியாகப் பொருந்தினால்தான் வேலை செய்யும். ராத்திரியில் ஸ்டீம் தானாக அப்டேட் செய்து, காலையில் கேம் திறக்காமல் போய் அழுதவர்கள் நிறையப் பேர். கேமைத் தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று ஸ்டீமில் மாற்றி வைத்துவிட்டு, எப்போதும் எஸ்கேஎஸ்இ வழியாகவே கேமைத் திற.

3. மாட் பக்கத்தை அடிவரை படி. படங்களைப் பார்த்து மயங்கி டவுன்லோடு பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் பிறகு ஊரெல்லாம் உதவி கேட்டு அலைகிறார்கள். இந்த மாட் வேறு எந்த மாட்டை நம்பியிருக்கிறது, எதனோடு ஒத்துப்போகாது, நடு ஆட்டத்தில் போடலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். டவுன்லோடு எண்ணிக்கையை ரொம்ப நம்பாதே. பத்து வருடத்துக்கு முன்னால் முதல் ஆளாக வந்த ஒரே காரணத்தால் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மாட்கள் உண்டு. அதே வேலையை இன்னும் பக்குவமாகச் செய்யும் புதிய மாட் ஓசையில்லாமல் பத்தாம் பக்கத்தில் கிடக்கும். அதற்காகப் பழசு என்றாலே ஒதுக்கவும் வேண்டாம். 2016இல் செய்த ஒரு கல்சுவர் டெக்ஸ்சர் இன்றும் அப்படியே வேலை செய்யும். எஸ்கேஎஸ்இயை நம்பிய டிஎல்எல் கோப்புக்குத்தான் கடைசியாக அப்டேட் ஆன தேதி முக்கியம். பாராட்டுகளைத் தாண்டி, எனக்கு இது வேலை செய்யவில்லை என்று எழுதியவர்களின் கருத்துகளைத் தேடிப் படி. அவர்கள் பட்ட பாட்டிலிருந்துதான் உனக்குப் பாடம் கிடைக்கும்.

4. அடித்தளத்தைச் சின்னதாகப் போடு. கோப்புகளைக் கையால் டேட்டா ஃபோல்டரில் கொட்டாதே. மாட் ஆர்கனைசர் 2, வோர்டெக்ஸ் என்ற மாட் மேலாண்மைக் கருவிகள் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள். எது நல்லது என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். மாட் ஆர்கனைசர் கேமின் ஃபோல்டரைத் தொடாமல் மாட்களைத் தனியே வைத்துக்கொள்கிறது என்பதால் எனக்கு அது பிடிக்கும். கேமை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு வெளியே இன்ஸ்டால் செய்துகொள், விண்டோஸ் அனுமதித் தொல்லை இருக்காது. பிறகு எஸ்கேஎஸ்இ, அட்ரஸ் லைப்ரரி, அன்அஃபீஷியல் பேட்ச், ஸ்கை யூஐ, இவை போதும். அன்அஃபீஷியல் பேட்ச், கேமைச் செய்த பெதஸ்டா விட்டுப்போன பிழைகளைப் பெருமளவில் திருத்தியது. அதில் சில மாற்றங்கள் பிழைத்திருத்தத்தின் எல்லையைத் தாண்டிவிட்டன என்று நெடுநாள் வாக்குவாதம் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு என்பேன். ஆனால் வேறு பல மாட்கள் அது இருக்கிறது என்று நம்பியே செய்யப்பட்டவை, தொடக்கக்காரனான நீ போட்டுவிடு. ஸ்கை யூஐ பற்றிச் சொல்லவே வேண்டாம். டிவி முன்னால் கன்ட்ரோலரோடு உட்கார்ந்தவனுக்காக அமைத்த மெனுவை, எடை, விலை என்று வரிசைப்படுத்திக் காட்டும் அட்டவணையாக மாற்றித் தந்தது அது. உன் நோட்டின் முதல் குறை அதோடு தீர்ந்துவிடும்.

5. ஒன்று போடு, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்தது. இதைச் சொல்லாத பெரியவர் இல்லை, கேட்ட சின்னவரும் இல்லை. ஒரே மாலையில் ஐம்பது மாட் போட்டுவிட்டு, கேம் திறக்கவில்லை என்றால் ஐம்பதில் எதைச் சந்தேகப்படுவாய்?

ஓட்டிப் பார்ப்பது என்றால் மெயின் மெனு வந்துவிட்டது என்று திருப்திப்படுவதில்லை. பரிசோதனைக்கென்றே தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள். ரிவர்வுட்டில் தொடங்கி, ஆற்றங்கரையோரமாக இறங்கி, தேன்சாராயக் கூடத்தைத் தாண்டி வொயிட்ரன் சந்தை வரை நடந்து போ. கண்ணைத் திறந்து வைத்துக்கொள். ஒரு சுவரோ சட்டையோ பளிச்சென்று ஊதா நிறத்தில் தெரிந்தால் அதன் டெக்ஸ்சர் கோப்பு காணவில்லை. வெறும் வெளியில் ஆச்சரியக்குறியோடு சிவப்பாக ஒன்று நின்றால் அந்தப் பொருளின் வடிவக் கோப்பு இல்லை. ஒருவருக்கு உடம்பு ஒரு நிறம், முகம் மட்டும் கரி பூசியதுபோல் கறுத்துத் தெரிந்தால், இரண்டு மாட்கள் அதே ஆளின் முகத்தைத் தொட்டிருக்கின்றன: விவரம் ஒன்றிலிருந்தும் முகக் கோப்பு இன்னொன்றிலிருந்தும் வந்து பொருந்தாமல் நிற்கிறது. மெனு வருமுன்பே கேம் மூடிக்கொண்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு ப்ளகினுக்குத் தேவையான மூலக் கோப்பு இல்லை என்று அர்த்தம். இந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவன் பதற்றப்பட மாட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய ஓடுகிறவனுக்குக் கடைசிவரை காரணம் தெரியாது.

6. லோட் ஆர்டரைப் புரிந்துகொள். விதி ஒன்றுதான். ஒரே விஷயத்தை இரண்டு ப்ளகின்கள் மாற்றினால், பஞ்சாயத்தில் கடைசியாகப் பேசியவன் சொல் நிற்பதுபோல, கடைசியில் லோட் ஆவது நிற்கும். ஒரு மாட் வொயிட்ரன் காவலர்களுக்கு நல்ல கவசம் கொடுக்கிறது, இன்னொன்று அதே காவலர்களின் திறமையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள். பின்னால் வருவது முன்னதை அப்படியே மூடிவிடும். காவலர்கள் பழைய கவசத்தில் கெட்டிக்காரர்களாகத் திரிவார்கள். லூட் என்ற கருவி வரிசையை ஓரளவு அடுக்கித் தரும், ஆனால் எது ஜெயிக்க வேண்டும் என்ற உன் விருப்பம் அதற்குத் தெரியாது. எஸ்எஸ்இஎடிட் என்ற கருவியில் திறந்து பார்த்தால் எந்த வரியில் எது எதை மூடுகிறது என்று நிறம் போட்டுக் காட்டும். முதல் முறை தலை சுற்றும், சுற்றட்டும். இரண்டையும் சேர்க்கும் பேட்ச் ஒன்றை யாராவது செய்திருக்கிறார்களா என்று முதலில் தேடு. பெரும்பாலும் செய்திருப்பார்கள்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைவது இந்தக் கேமின் பிறவிக் குணம். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் 2021இல் ஒரு கதை சொன்னார். கேம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தொடக்க வண்டி சில நேரம் ஏவுகணை மாதிரி வானத்துக்குப் பறந்துபோகுமாம். காரணம் ஒரு தேனீ. தேனீயைக் கையில் பிடிக்க முடியவில்லை என்ற பிழையை யாரோ சரிசெய்ய, அது எதனோடும் மோதும் பொருளாகி, அதே சமயம் எதற்கும் நகராத பொருளாகவும் ஆகிவிட்டது. வழியில் பறந்த தேனீயில் முட்டிய வண்டி மேலே போய்விட்டது. செய்தவர்களுக்கே அந்த நிலை என்றால் உன் முப்பது மாட்களில் இரண்டு முறைத்துக்கொள்வதில் என்ன அதிசயம்? மனம் தளராதே.

7. படத்துக்கு ஆசைப்படாதே. 4கே டெக்ஸ்சர் என்றால் 2கேயைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள். மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அது தகும். மேசைமேல் கிடக்கும் முட்டைக்கோசுக்கு எதற்கு? கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். மாட் பக்கத்தில் நீ பார்க்கும் படங்கள் அசையாத படங்கள், பல நேரம் நல்ல விலையுள்ள கார்டில் எடுத்தவை. எண்ணிக்கைக்கும் ஆசைப்படாதே: முழு ப்ளகின்களுக்கு 254 இடம்தான், லைட் ப்ளகின்களுக்குத் தனிக் கணக்கு. அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை.

8. தொடங்கிய ஆட்டத்தின் நடுவில் மாட்டைப் பிடுங்காதே. இதை மட்டும் என் தலைமேல் அடித்துச் சொல்கிறேன். ஸ்க்ரிப்ட் உள்ள மாட் ஒன்றைப் போட்டு விளையாடி சேவ் செய்தால், அந்த ஸ்க்ரிப்டின் தடம் சேவுக்குள் பதிந்துவிடும். நீ மாட்டை எடுத்தாலும் சேவ் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். அன்று ஒன்றும் ஆகாது, மறுநாளும் ஆகாது. நாற்பதாவது லெவலில், ஒரு வாசலைத் தாண்டும்போது கேம் மூடிக்கொள்ளும், பிறகு அந்த வாசலைத் தாண்டவே முடியாது. எங்கள் காலத்தில் இன்னொரு வம்பும் இருந்தது. தூரத்தில் உள்ளவை தெளிவாகத் தெரியட்டும் என்று ஐஎன்ஐ கோப்பில் யூகிரிட்ஸ்டுலோடு என்ற வரியில் 5 என்று இருப்பதை 7 ஆக்கு என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆக்கினோம். அந்த எண்ணோடு சேவ் செய்தபின் பழையபடி 5 ஆக்கினால் அந்த சேவ் திறக்காது. என் நண்பர் ஒருவர் மழைக்காலம் முழுக்க வளர்த்த வில்லாளியை அப்படித்தான் இழந்தார். இன்றைக்கும் அந்த வரியின் பெயரைச் சொன்னால் முகம் சுண்டிவிடும். ஆகவே எது இருக்கப் போகிறது என்பதை ஆட்டம் தொடங்குமுன் தீர்மானித்துவிடு. நடுவில் ஆசை வந்தால் அடுத்த ஆட்டத்துக்கு என்று நோட்டில் எழுதிவை. சேவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதாமல் தனித்தனியாக வை.

9. ஒரே சொடுக்கில் நூற்றுக்கணக்கான மாட்களை அடுக்கித் தரும் வாபாஜாக் பட்டியல்களும் நெக்ஸஸ் தளத்தின் கலெக்ஷன்களும் இப்போது உண்டு. நன்றாகச் செய்த பட்டியல்கள் அவற்றில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் அது இன்னொருவர் ரசனை. எங்காவது உடைந்தால் எங்கே தொடுவது என்று உனக்குத் தெரியாது. ஒரு ஆட்டமாவது நீயே அடுக்கிப் பழகிவிட்டு அங்கே போ.

10. வேடிக்கை மாட் போட வெட்கப்படாதே. எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பசி, குளிர், தூக்கம் என்று கணக்குப் பார்த்து விளையாடுகிறவர்கள் உண்டு. டிராகனுக்குப் பதிலாக தாமஸ் ரயில் எஞ்சின் கூவிக்கொண்டு மலைமேல் வந்திறங்கும் மாட்டும் உண்டு. அதைப் போட்டு ஒரு ராத்திரி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, தனி சேவில்தான், பிறகு உன் ஆட்டத்துக்குத் திரும்பு.

11. செய்தவர்களை நினை. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே. அலெக்சாண்டர் வெலிக்கி என்ற இளைஞர் 19 வயதில், 2013இல், ஃபால்ஸ்கார் என்ற புது நிலப்பரப்பையே ஸ்கைரிமுக்குள் சேர்த்தார். 2000 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, குரல் கொடுத்தவர்களும் கூலி வாங்காதவர்கள். வேலைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று பெதஸ்டாவை நினைத்துச் செய்தார், எடுத்துக்கொண்டது பங்கி நிறுவனம். ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்த நிக் பியர்ஸ் 2015இல் தி ஃபர்காட்டன் சிட்டி என்ற மாட்டை வெளியிட்டார். ஒருவர் பாவம் செய்தால் ஊரே அழியும் என்ற சட்டத்தின் கீழ் வாழும் நிலத்தடி நகரத்தின் கதை. மறு ஆண்டு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது பெற்றது. 2021இல் அதுவே, களத்தைப் பழைய ரோமாபுரிக் காலத்துக்கு மாற்றிக்கொண்டு, தனி கேமாக வந்தது. ஜெர்மனியின் ஷுவர்ஏஐ குழு 2016இல் கொடுத்த எண்டெரால், ஸ்கைரிமைக் கழற்றி வேறொரு உலகமாகப் பூட்டியது. விலை கிடையாது.

2015 ஏப்ரலில் ஸ்டீமில் மாட்களை விலைக்கு விற்க ஒரு ஏற்பாடு வந்தது. செய்தவருக்கு விலையில் 25 சதவீதம். எதிர்ப்புக் கிளம்பி நாலைந்து நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் பல வருடம் இலவசமாகக் கொடுத்த மனிதர்களை அந்த ஒரு வாரத்தில் சிலர் திட்டிய திட்டு எனக்கு இன்றும் உறுத்துகிறது. காசு கொடுக்காமல் வாங்கிய பொருளுக்கு அதட்டல் எதற்கு? எப்போது அப்டேட் வரும் என்று கேட்டு நச்சரிக்காதே. பிழை கண்டால் கேமின் பதிப்பு, உன் லோட் ஆர்டர், எந்த இடத்தில் என்ன நடந்தது என்று விவரமாக எழுது. ஒருவர் மாட்டை எடுத்து அனுமதியில்லாமல் வேறெங்கும் ஏற்றாதே. மனம் உடைந்து தன் மாட்களை எல்லாம் அழித்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

12. பிறகு, விளையாடு. மாட் அடுக்குவதே தனி விளையாட்டாகிவிடும், ஜாக்கிரதை. வருடக்கணக்காக அடுக்கி, சோதித்து, கலைத்து, மறுபடி அடுக்கி, அந்தக் கறுப்பு டிராகன் அல்டுயினோடு ஒரு முறைகூட நேரில் மோதாத பெரிய மனிதர்கள் எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும், கடைசிப் போர் நடக்கும் ஸோவ்ன்கார்ட் எப்படி இருக்கும் என்பதைத் தவிர. ஒரு நாள் குறித்து அன்றோடு பட்டியலை மூடிவிடு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இனிகோ என்ற மாட்டைச் சேர்த்துக்கொள். அந்த நீலப் பூனைக்காரனுக்கு ஆயிரக்கணக்கான வசனங்கள் இருக்கின்றன, நீ போன இடத்தையும் பார்த்ததையும் பற்றி அவனே பேசுவான். ஆட்டம் முடிந்த அன்று, அசதியாக இருந்தாலும், நீ போட்ட ஒவ்வொரு மாட்டின் பக்கத்துக்கும் போ. எண்டார்ஸ் பொத்தானை அழுத்தி, எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு வா, கண்ணு.